வார்டன் சொன்ன ஒற்றைச் சொல்

களனிவெளி ரயில் பாதை கொழும்பில் ஒரு கோல்ப் மைதானத்தை ஊடறுத்துச் செல்கிறது. 1879 ஆம் ஆண்டு தோன்றிய றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானம் அது. இளம் நிருபனாக அந்த ரயிலில் போய்வந்த நாட்களில் ஜன்னலோரத்தில் இருந்து ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். தலை நரைத்த ஒருவர் பந்தை அடிக்க ஆயத்தமாகும்போது அவருடன் ஆடும் இளைஞன் அசையாது நிற்பான். அதில் வியப்பதற்கு எதுவுமில்லை. ஆனால் அந்த இளைஞனின் முறை வந்ததும் பெரியவரும் அவ்வாறே மூச்சடக்கி நிற்பார். மரியாதை என்பது கீழிருந்து மேல்நோக்கி மாத்திரமே செல்லவேண்டும் என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்த எனக்கு அது புதுமையாகவே இருந்தது.

கோல்ப் விளையாட்டின் எழுதப்பட்ட விதிகளில் மிகப் பழையவை 1744 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் வகுக்கப்பட்ட 13 விதிகளாகும். குழியிலிருந்து எவருடைய பந்து அதிக தூரத்தில் கிடக்கிறதோ அவரே முதலில் ஆடவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வயது, செல்வம், பட்டம் எதற்கும் அதில் இடமில்லை. இவ்வளவு நேர்மையான விதியைக் கொண்ட விளையாட்டு மைதானத்துக்கு வெளியே எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டது என்பது வேறு கதை. அந்தக் கதையையும் இந்தக் கதையையும் ஒருங்கே காட்டுகின்ற சம்பவமொன்று 1920 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இடம்பெற்றது.

டொலிடோ நகரின் இன்வெர்னஸ் கழகத்தில் அமெரிக்க பகிரங்க சுற்றுப்போட்டி நடந்தது. தகுதிகாண் ஆட்டத்தில் பொபி ஜோன்ஸ் என்ற 18 வயது இளைஞரும் ஹரி வார்டன் என்ற 50 வயது வீரரும் சோடியாக ஆட நேர்ந்தது. ஜோன்ஸ் அட்லாண்டா நகர வழக்கறிஞர் ஒருவரின் மகன்; பணத்துக்காக ஆடாத அமெச்சூர் வீரர். வார்டன் ஜேர்சித் தீவைச் சேர்ந்த தோட்டக்காரர் ஒருவரின் மகன். பிரித்தானிய பகிரங்க சுற்றுப்போட்டியை ஆறு தடவைகள் வென்றவர். அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை.

ஏழாவது குழியில் ஜோன்ஸ் மிக எளிதான ஒரு குறுந்தூர அடியைத் தவறவிட்டார். பந்து உயரே எழாமல் தரையோடு பாய்ந்து புற்றரையைத் தாண்டி ஓடிவிட்டது. அதுவரை வார்டன் அவருடன் ஏறக்குறைய எதுவுமே பேசியிருக்கவில்லை. வெட்கத்தில் முகம் சிவந்த இளைஞர் அதை மறைப்பதற்காக, இதைவிட மோசமான அடியை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். வார்டன் சொன்ன பதில் ஒரேயொரு சொல்: "இல்லை."

இதை நகைச்சுவைத் துணுக்காகவே பலரும் சொல்வதுண்டு. எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. இளைஞர் எதிர்பார்த்தது ஆறுதலை. முதியவர் கொடுத்தது உண்மையை. அதையும் ஏளனமோ உபதேசமோ இன்றிக் கொடுத்தார். எங்கள் காலத்துச் செய்தி ஆசிரியர்களிலும் இத்தகையோர் இருந்தனர். செய்தி நன்றாக இருந்தால் வாய் திறக்கமாட்டார்கள். மோசமாக இருந்தால் ஒரு சொல்லோடு தாள் மேசைக்குத் திரும்பிவரும். அன்று கோபம் வந்தது. பின்னர் தான் அந்தச் சுருக்கத்தின் பெறுமதி புரிந்தது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அந்நாட்களில் பிரித்தானியாவின் பெயர்ப்பட்டியல்களில் அமெச்சூர் வீரரின் பெயருக்கு முன்னால் 'திரு' இருக்கும்; தொழில்முறை வீரருக்கு வெறும் பெயர்தான். அதாவது 18 வயது ஜோன்ஸ் 'திரு. ஜோன்ஸ்'; 50 வயது சம்பியன் வெறும் 'வார்டன்'. கழகக் கட்டிடங்களின் முன்வாசல் அமெச்சூர் வீரர்களுக்கு மாத்திரமே திறந்தது. தொழில்முறை வீரர்கள் உடைமாற்றுவதற்கு வேறு இடம் தேடவேண்டும். அதே 1920 இல் இங்கிலாந்தின் டீல் நகரில் பிரித்தானிய சுற்றுப்போட்டிக்குச் சென்ற அமெரிக்க வீரர் வோல்டர் ஹேகன், வாடகைக் காரொன்றைக் கழகத்தின் முன்னால் நிறுத்தி அதற்குள்ளேயே உடைமாற்றித் தன் எதிர்ப்பைக் காட்டினார். புற்றரையில் ஒருவருக்கொருவர் மூச்சடக்கி நின்ற கனவான்களுக்கு வாசலில் அந்த மரியாதை மறந்துபோனது என்பதை இந்த விளையாட்டின் புகழ்பாடிகள் எழுதுவதில்லை.

இன்வெர்னஸ் கழகம் அந்த வழக்கத்தை உடைத்தது. தொழில்முறை வீரர்களுக்குத் தன் கட்டிடத்தை முழுமையாகத் திறந்துவிட்டது. நன்றிக்கடனாக ஹேகனின் முன்முயற்சியில் வீரர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து ஆளுயரத்தை விஞ்சும் மணிக்கூடு ஒன்றைக் கழகத்துக்கு அன்பளிப்புச் செய்தனர்.

சுற்றுப்போட்டியின் இறுதிச் சுற்றில் முன்னிலை வகித்த வார்டன், கடைசிக் குழிகளை நெருங்கிய வேளையில் வீசிய பலத்த காற்றில் களைத்துப்போனார். காசநோயில் வீழ்ந்து எழுந்த உடம்பு அது. குறுந்தூர அடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறின. அவரது நாட்டவரான டெட் ரே 295 அடிகளில் வென்றார். வார்டன் எடுத்தவை 296.

ஜோன்ஸ் உடனே திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான்; அது உண்மையல்ல. மட்டையை வீசியெறியும் முன்கோபி அவர். அடுத்த ஆண்டு, 1921 இல், ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் மைதானத்தில் மூன்றாவது சுற்றில் எல்லாமே பிழைத்துக்கொண்டிருந்தபோது, 11 ஆவது குழியில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்து விலகினார். கோல்ப் விளையாட்டின் தாயகத்தில் ஒரு 19 வயது இளைஞன் செய்யக்கூடாத காரியம் அது. அவரும் வாழ்நாள் முழுவதும் அதற்காக வருந்தினார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1925 அமெரிக்க பகிரங்க சுற்றுப்போட்டியில், அடிக்க ஆயத்தமானபோது தன் பந்து சற்று அசைந்துவிட்டது என்று அவரே அறிவித்தார். வேறெவரும் அதைக் காணவில்லை. அவர் தன்மீது விதித்துக்கொண்ட அந்த ஓர் அடி இல்லையென்றால் வெற்றி அவருடையது. சமநிலை ஏற்பட்டு மேலதிக ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேன் என்ற ஸ்கொட்லாந்துத் தொழில்முறை வீரரிடம் தோற்றார். அவரது நேர்மையைப் பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக எவரையாவது பாராட்டுவீர்களா என்ற பொருளில் பதிலளித்தார். வார்டனின் "இல்லை"யில் இருந்த அதே வறண்ட தொனி இதிலும் எனக்குக் கேட்கிறது.

1927 இல் சென் அன்ட்ரூஸுக்குத் திரும்பி வெற்றிபெற்ற அவர், வெற்றிக் கிண்ணத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லாமல் அங்குள்ள கழகத்திடமே ஒப்படைத்தார். 1930 இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் போட்டிகளையும் வென்று, 28 ஆவது வயதில் விளையாட்டிலிருந்து விலகிக்கொண்டார். பிற்காலத்தில் முள்ளந்தண்டு நோய் அவரது கால்களைப் பறித்தது.

1958 இல் அந்தச் சிறிய நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. 1759 இல் பெஞ்சமின் பிராங்க்ளினுக்குப் பின்னர் அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. நடக்க இயலாத 56 வயது மனிதர் சிறு வாகனத்தில் மண்டபத்திலிருந்து வெளியேறியபோது, கூடியிருந்தோர் தங்களது பழைய பிரிவுப் பாடலைப் பாடினர். ஹரி வார்டன் மறைந்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.