பறக்காத பூச்சி

நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்தால், ஏனாத்தூரானாலும் சரி, வேறு எந்தத் தமிழ்நாட்டுக் கிராமமானாலும் சரி, சிவப்பு வெல்வெட்டைக் கிள்ளிப் போட்டாற்போல் ஈர மண்ணில் சில ஜந்துக்கள் ஊர்ந்து வரும். குழந்தைகள் அவற்றைத் தீப்பெட்டியில் அடைத்து, "பட்டுப்பூச்சி!" என்று காட்டுவார்கள். பட்டுக்கும் அதற்கும் ஓர் உறவும் கிடையாது. அது எட்டுக் கால் படைத்த சிலந்தி ஜாதி. நிஜமான பட்டுப்பூச்சியோ, பக்கத்திலிருக்கும் காஞ்சிபுரத்தில், அதனால் பிழைக்கும் தெருக்களில்கூடக் கண்ணில் படுவதில்லை.

தறிக்கு வருவது நூல்தான். பூச்சி வளர்கிற இடம் வேறு. நெசவாளர்களில் ஒரு சாரார் தாங்கள் மார்க்கண்டேய மகரிஷியின் வழி வந்தவர்கள் என்பார்கள். அவர் தாமரைத் தண்டின் நாரில் தேவர்களுக்கு ஆடை நெய்து கொடுத்தாராம். கதையைக் கவனியுங்கள்: அதில் புழுவே இல்லை!

புழுவின் சரித்திரம் சீனாவில் தொடங்குகிறது. சுமார் 5,000 வருஷங்களுக்கு முன் அங்கே காட்டுப் பூச்சி ஒன்றைப் பிடித்து வீட்டில் வளர்த்தார்கள். அதன் காட்டு உறவினர்கள் சீனா, கொரியா, ஜப்பான் தேசங்களில் இன்றும் பறந்து திரிகின்றன. வீட்டோடு வந்ததற்குக் காடு என்பதே மறந்துபோயிற்று. உலகத்தில் எங்கு தேடினாலும் மனிதன் வளர்க்காத இடத்தில் அது இல்லை. நம் நாட்டில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சீனப் பட்டைச் சொல்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்துப் பட்டு நெசவாளரைச் சொல்கிறது. ஆனால் தெற்கே மல்பெரியும் புழுவும் ஒரு தொழிலாக வேரூன்றியது திப்பு சுல்தான் காலத்தில்தான். 1780களில் அவர் வங்காளத்திலிருந்து புழு தருவித்தார். சண்டைக்கு நடுவே இதற்கும் அவருக்கு அவகாசம் இருந்திருக்கிறது! அந்த மைசூர்ச் சீமைதான் காஞ்சிபுரத்துத் தறிகளுக்கு நூல் கொடுத்தது. இப்போது நம் ஓசூர், தருமபுரிப் பக்கங்களிலும் மல்பெரி விளைகிறது.

பெண்பூச்சி நானூறு, ஐந்நூறு முட்டை இடும். ஒவ்வொன்றும் குண்டூசித் தலையளவு. பத்து நாளில் எறும்பு போன்ற புழு வெளியே வரும். பிறகு தின்பது ஒன்றே வேலை. நாலு தடவை தோலுரித்து, இருபத்தைந்து நாளில் பிறந்த எடையைப்போல் பதினாயிரம் மடங்கு ஆகிவிடும். ராத்திரி வேளையில் புழு வீட்டில் நின்றால், இலை தின்னும் சப்தம் தூறல் விழுவதுபோல் கேட்கும். அப்புறம் மூங்கில் சந்திரிகையில் ஏறி, தலையை எட்டுப் போடுவதுபோல் ஆட்டி ஆட்டி, இரண்டு மூன்று நாளில் ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். உயர்ந்த ரகக் கூட்டில் அந்த இழை ஆயிரம் மீட்டருக்கு மேல் போகும்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு நாளில் அது பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வந்துவிட்டால் இழை அறுந்துபோகும். ஆகையால் அதற்கு முன்பே சூட்டிலும் ஆவியிலும் அதன் கதையை முடித்துவிடுகிறார்கள். ஒரு கிலோ நூலுக்கு ஏழெட்டுக் கிலோ கூடு வேண்டும். ஒரு கூட்டின் எடை இரண்டு கிராமுக்குள். கணக்குப் போட்டால் நாலாயிரத்தை ஒட்டி வரும். காஞ்சிபுரத்தில் நாலாயிரம் என்றால் திவ்யப் பிரபந்தம்தான் நினைவுக்கு வரவேண்டும்!

விதைக்காகச் சிலவற்றை மட்டும் பூச்சியாக விடுகிறார்கள். வெண்ணெய் நிறம், தடித்த உடம்பு, சிறகு உண்டு, பறக்கத் தெரியாது. வாய் இருந்தும் சாப்பாடு கிடையாது. கூடி, முட்டையிட்டு, சில நாளில் முடிந்துவிடும். அந்தத் தாயையும் சும்மா விடுவதில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் 1865 முதல் சில வருஷங்கள் புழுக்களின் கொள்ளைநோயை ஆராய்ந்து, அது தாயிடமிருந்து முட்டைக்குப் போகிறது என்று காட்டினார். அதிலிருந்து முட்டையிட்ட பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கமாயிற்று. நோய் தென்பட்டால் முட்டைகளும் நெருப்புக்கு.

இந்தக் கணக்கைக் காஞ்சிபுரத்திலேயே உரக்கச் சொன்னவர் ஒருவர் உண்டு. காமகோடி பீடத்து ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், பட்டு வேண்டாம் என்று தம் அடியார்களிடம் சொல்லிவந்தார். உயிர்ச்சேதம் ஒரு காரணம். கல்யாணச் செலவில் பெண் வீட்டார் நசுங்குவது இன்னொன்று. பட்டினால் பெயர் பெற்ற ஊரில், மடத்து அதிபதியே இப்படிச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். கேட்டு விட்டவர்கள் உண்டு, விடாதவர்களே அதிகம். சுவாமிகளிடம் இருந்த பக்தி வேறு, பெண்ணின் முகூர்த்தப் புடவை வேறு என்று நம்மவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

பூச்சியை வெளியே விட்டபின் மிஞ்சும் கூட்டிலும் நூல் எடுக்கலாம்தான். ஆனால் அது பஞ்சைப்போல் நூற்கிற நூல். காஞ்சிபுரத்துப் புடவைக்கு மினுமினுப்பைத் தரும் அறுபடாத இழை அல்ல. விட்ட பூச்சிக்கும் போக்கிடம் இல்லை. தறியை நிறுத்தினால் நெசவாளன் வீட்டில் அடுப்பு எரியாது. மனிதன் வளர்ப்பதை நிறுத்தினால் இந்த ஜாதியே அற்றுப்போகும்.

சுவாமிகளின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் 1993 முதல் ஏனாத்தூரில் இருக்கிறது. கல்யாண மாதம் பிறந்தால், காஞ்சிபுரத்துக் கடைகளில் முதலில் விரிப்பது இன்றும் அரக்கு நிறப் பட்டைத்தான்.