கருப்பு சிவந்த கதை: மதுரையில் ட்ரைப் முதல் லைக்கா எம்8 வரை

மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டரில் இருக்கிறது அழகர்கோவில். சித்திரைத் திருவிழாவுக்காக அங்கிருந்து கள்ளழகர் புறப்படும்போது அவர் உடுத்துவது கருப்பு நிறக் கண்டாங்கி. தலையில் உருமால், கையில் வளைதடி. பதினெட்டாம்படிக் கருப்பரிடம் விடைபெற்றுக்கொண்டு பொழுது சாயும் நேரத்தில் மலையை விட்டுக் கிளம்புவார். வழியெங்கும் மண்டகப்படிகள். மதுரை எல்லையில் எதிர்சேவை. தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலை. பிறகு சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரையில் வைகைக்கு வரும்போது கருப்பு போய்ப் பட்டு வந்திருக்கும்.

என்ன நிறப் பட்டு? மதுரை முழுக்க அன்று காலையில் கேட்கும் கேள்வி இதுதான். பச்சை கட்டி வந்தால் அந்த வருடம் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும், சிவப்பு என்றால் கஷ்டகாலம் என்பது ஊர் நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இந்தத் திருவிழாவில் துணியின் நிறம் ஒரு செய்தி என்பதை மறுக்க முடியாது. அதைப் படம் பிடிக்க வருகிற கேமரா பச்சையைப் பச்சையாகவும் கருப்பைக் கருப்பாகவும் காட்டியாக வேண்டும்.

கேட்பதற்கு மிகச் சின்ன எதிர்பார்ப்பாகத் தெரியும். ஆனால் புகைப்படக் கலையின் வரலாற்றில் இது சுலபமாக நிறைவேறியதே இல்லை. 2006இல், உலகின் விலை உயர்ந்த கேமராக்களில் ஒன்று கருப்புத் துணியைக் கத்தரிப்பூ நிறத்தில் காட்டிய கதை அதில் ஒரு அத்தியாயம். அதற்கு முன்னால் 1858க்குப் போக வேண்டும்.

லின்னேயஸ் ட்ரைப் (1822–1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் கேப்டன். சென்னை மாகாண அரசு அவரை அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 கடைசியில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். திருமலை நாயக்கர் மகால், புதுமண்டபம், தெப்பக்குளம், யானைமலை, வைகை எல்லாம் அவர் படங்களில் இருக்கின்றன. மகாலைப் பின்னால் பழுது பார்த்துச் சீர்செய்தார்கள். அதற்கு முன் அது எப்படி இடிந்து கிடந்தது என்பதைப் பார்க்க இன்றைக்கும் ட்ரைப்பின் படங்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகடிவ். அதிலிருந்த வெள்ளி உப்புக்கு நீல ஒளியும் புற ஊதாக் கதிரும் மட்டும்தான் தெரியும். பச்சை அரைகுறை. சிவப்பு சுத்தமாகத் தெரியாது. விளைவு என்னவென்றால் வானம் வெளுத்து வெறுமையாகிவிடும், மரங்கள் கரிக்கட்டையாகிவிடும். ட்ரைப் சும்மா இருக்கவில்லை. தூரிகையை எடுத்து நெகடிவின் மேலேயே வண்ணம் பூசி, இல்லாத மேகங்களை வரைந்தார், இருண்டு போன இலைகளுக்கு வெளிச்சம் கொடுத்தார். அரசாங்க ஆவணம் என்று அச்சான படங்களில் பல மேகங்கள் அவர் கைவண்ணம்! செலவு அதிகம் என்று சொல்லி கவர்னர் ட்ரெவெல்யன் அந்தப் பதவியையே ஒழித்துக் கட்டியது தனிக்கதை.

ட்ரைப்பின் காகிதத்துக்கு ஆற்றில் இறங்கும் அழகரைப் பிடித்திருக்க முடியாது. நிமிடக்கணக்கில் ஒளி படவேண்டிய நெகடிவில், நகரும் கூட்டம் புகையாகத்தான் பதியும். அப்படியே பிடித்திருந்தாலும் பச்சைப் பட்டும் சிவப்புப் பட்டும் ஒரே இருட்டாகத்தான் விழுந்திருக்கும். மழை வருமா, கஷ்டம் வருமா என்பதை அந்தப் படத்திலிருந்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

1873இல் ஹெர்மான் ஃபோகல் என்ற ஜெர்மானியர், சாயம் கலந்தால் படச்சுருளின் பார்வையைப் பச்சை வரை நீட்டலாம் என்று கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவப்பு வரைக்கும் வந்துவிட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண ஃபிலிம் ஏறத்தாழ மனிதக் கண் முடிகிற இடத்திலேயே முடிந்தது. சிவப்புக்கு அப்பால் இருக்கும் அகச்சிவப்பு அதற்குத் தெரியாது. 1950இல் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் மதுரையில் படம் எடுத்தபோது அவர் கையில் இருந்தது லைக்கா. அவருக்கு அகச்சிவப்பைப் பற்றி யோசிக்க ஒரு காரணமும் இருந்திருக்காது.

அந்த லைக்காதான் ரேஞ்ச்பைண்டர் வகை. ஒற்றை லென்ஸ் பிரதிபலிப்புக் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஆடி எழுந்து விழவேண்டும். அதற்கு இடம் விட்டு லென்ஸைத் தள்ளி வைப்பார்கள். கேனன் இஓஎஸ் கேமராவில் அந்தத் தூரம் 44 மில்லிமீட்டர். ரேஞ்ச்பைண்டரில் ஆடியே கிடையாது. குறிபார்ப்பது தனிச் சாளரம் வழியாக. ஆகவே 1954இல் எம்3 கேமராவுடன் வந்த லைக்கா எம் அமைப்பில் தூரம் வெறும் 27.8 மில்லிமீட்டர். அகலக் கோண லென்ஸின் பின் கண்ணாடி ஃபிலிமை உரசாத குறையாக உட்கார்ந்திருக்கும். லென்ஸ் சின்னதாக, கூர்மையாக அமைய இது பெரிய வசதி. ஆனால் படத்தின் மூலைகளுக்கு ஒளி நேராக விழாமல் மிகவும் சாய்வாக விழும். ஃபிலிமுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஐம்பது வருடம் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

டிஜிட்டல் வந்தது. சிக்கலும் வந்தது.

சென்சார் என்பது சிலிக்கான். மனிதக் கண் சுமார் 700 நானோமீட்டரோடு நின்றுவிடும், சிலிக்கான் 1100 வரை பார்க்கும். அதனால் எல்லா டிஜிட்டல் கேமராவிலும் சென்சாருக்கு மேல் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைத்திருப்பார்கள். அந்தக் கண்ணாடி தடிமனாக இருந்தால் நேராக வரும் ஒளிக்குப் பரவாயில்லை. லைக்கா லென்ஸிலிருந்து சாய்ந்து வரும் ஒளியோ தடித்த கண்ணாடிக்குள் புகுந்து விலகி, மூலைகளில் படத்தைக் குழப்பிவிடும். ஐம்பது வருடமாக மக்கள் வாங்கிச் சேர்த்த லென்ஸ்களின் பெருமையே மூலை வரைக்கும் இருக்கும் கூர்மைதான். அதைக் கெடுப்பதா, நிறத்தைக் கெடுப்பதா?

2006 செப்டம்பரில் லைக்கா தன் முதல் டிஜிட்டல் எம் கேமராவான எம்8ஐ அறிமுகப்படுத்தியபோது பதில் தெரிந்தது. கோடாக் தயாரித்த 10.3 மெகாபிக்சல் சிசிடி சென்சார். அதன் மேல் அரை மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும். கூர்மை தப்பித்தது, அகச்சிவப்பு உள்ளே புகுந்தது.

வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே கண்டுபிடித்தார்கள். கருப்புக் கோட்டு, கருப்புப் பை, கருப்புக் குடை எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தன. காரணம் சுலபம். செயற்கை இழைத் துணியில் ஏற்றும் பல கருப்புச் சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் விழுங்குகின்றன. அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. நம் கண்ணுக்குக் கருப்பு, சிலிக்கானுக்குப் பளபளப்பு. இலைகளும் அகச்சிவப்பை மிக அதிகமாகத் திருப்பி அனுப்புபவை. எனவே மரங்களின் பச்சை மங்கி மஞ்சள் பக்கம் சாய்ந்தது. கார்த்திகை, மார்கழியில் அழகர்கோவிலுக்கு வரும் ஐயப்ப பக்தர்களின் பாலியெஸ்டர் கலந்த கருப்பு வேட்டிகளை, சோலைமலை மரங்களுக்கு முன்னால் நிறுத்தி எம்8ஆல் எடுத்தால் இரண்டு கோளாறையும் ஒரே படத்தில் பார்த்துவிடலாம்.

தீவட்டி வெளிச்சம் இன்னும் மோசம். நெருப்பும் ஹாலோஜன் விளக்கும் வெளியிடும் ஆற்றலில் பெரும்பங்கு அகச்சிவப்புதான், கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம். அழகர் கருப்புக் கண்டாங்கியில் இருப்பது இருட்டு நேரம், சுற்றிலும் பந்தங்கள். இந்தக் கேமராவைத் தோற்கடிக்க இதைவிடப் பொருத்தமான காட்சியை யோசித்துக்கூட உருவாக்க முடியாது. அந்தக் கண்டாங்கி படத்தில் கருப்பாக வருமா என்பது அதற்கு ஏற்றிய சாயத்தின் தயவு.

லைக்கா 2006 நவம்பரில் கோளாறை ஒப்புக்கொண்டது. கொடுத்த தீர்வு விசித்திரமானது. கேமராவுக்குள் வைக்காத கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள் என்றது. எம்8 வாங்கிய ஒவ்வொருவருக்கும் இரண்டு ஃபில்டர் இலவசம். லென்ஸுக்கு லென்ஸ் விட்டம் மாறும், 39, 46, 55, 60 மில்லிமீட்டர் என்று. மூன்றாவது லென்ஸ் வைத்திருப்பவர் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இத்தனை விலை கொடுத்தவரிடம் இப்படிச் சொல்வது நியாயமில்லை என்று பலருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

கதை அங்கேயும் முடியவில்லை. இந்த ஃபில்டர் நிறக் கண்ணாடி கிடையாது. ஒளி அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, வேண்டாத அலைநீளத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சுகள் பல அடுக்காக அதில் இருக்கின்றன. ஒளி நேராக வந்தால் 700க்குப் பக்கத்தில் வெட்டும். சாய்வாக வந்தால் வெட்டும் இடம் குறைந்த அலைநீளத்துக்கு நகர்ந்து, அகச்சிவப்போடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் கொஞ்சம் தின்றுவிடும். அகலக் கோண லென்ஸில் படத்தின் ஓரங்களுக்குப் போகும் ஒளி சாய்வாகத்தானே வருகிறது? நடுவில் நிறம் சரியாக இருக்க, மூலைகள் பச்சை கலந்த நீலமாகிவிட்டன.

இதற்கு மருந்து மென்பொருளில் இருந்தது. ஆனால் எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்குத் தெரிந்தால்தானே எவ்வளவு திருத்துவது என்று தெரியும்? லென்ஸ் பொருந்தும் உலோக வளையத்தில் ஆறு சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் கருப்பு அல்லது வெள்ளை. மொத்தம் 64 சேர்க்கைகள். கேமரா அதைப் படித்து, ஃபில்டர் மாட்டியிருக்கிறது என்று மெனுவில் சொல்லிவிட்டால், மூலைகளுக்குச் சிவப்பைத் திருப்பிக் கொடுக்கும். பழைய லென்ஸ்களை ஜெர்மனிக்கு அனுப்பிக் குழி போட்டு வாங்கலாம். அந்தச் செலவுக்கு மனமில்லாத பலர் மார்க்கர் பேனாவால் தாங்களே வளையத்தில் கருப்புப் புள்ளி வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் வேலை செய்தது என்பதுதான் வேடிக்கை.

இரவுப் படத்துக்கு மட்டும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. ஃபில்டரின் தட்டையான பரப்பில் விளக்கொளி எதிரொலித்து, படத்தின் எதிர்ப்புறத்தில் அதே விளக்கின் ஆவி ஒன்று தோன்றும். ஒரு தெருவிளக்கு என்றால் அழித்துவிடலாம். நூறு தீப்பந்தம் என்றால்? மாட்டினால் இல்லாத சுடர்கள், கழற்றினால் சிவந்த கருப்பு. புகைப்படக்காரர் எது குறைந்த பொய் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. விடியலில் பட்டு கட்டி ஆற்றில் இறங்கும் நேரத்தில் ஃபில்டரை மாட்டியே ஆகவேண்டும், ஏனென்றால் அங்கே நிறம்தான் கேள்வி.

2009 செப்டம்பரில் வந்த எம்9 இந்தத் தலைவலியை ஒழித்தது. சென்சார் மேல் கண்ணாடி 0.8 மில்லிமீட்டர், அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சும் வகை. வெளி ஃபில்டர் தேவையில்லை. சில லென்ஸ்களில் ஓரங்கள் சிவந்தன, அதை மென்பொருளில் சரிசெய்தார்கள். கூடுதலாக வைத்த 0.3 மில்லிமீட்டருக்கு விலை வேறு வகையில் வந்தது. அந்தக் கண்ணாடி அரிக்கும் குணம் கொண்டது. வருடங்கள் போகப் போகப் படங்களில் வெள்ளைப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. 2014இல் லைக்கா அதையும் ஒப்புக்கொண்டு சென்சார்களை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மெல்லிய கண்ணாடி வைத்த எம்8க்கு இந்த நோய் கிடையாது.

எம்8ஐ இன்றும் கைவிடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிவிடுகிறார்கள். கத்தரிப்பூ நிறம் வெறும் சாம்பல் நிறமாகிவிடும், உள்ளே புகுந்த அகச்சிவப்பு இலைகளை வெளிச்சமாக்கிவிடும். யானைமலை அடிவாரத்து மரங்களோ அழகர்மலைச் சோலையோ இப்படி எடுத்தால் இருண்டு கிடக்காது. ட்ரைப் 1858இல் நெகடிவின் மேல் தூரிகையால் செய்த வேலை அது.