சீரற்ற இதயத் துடிப்பு மருந்துகள்

சீரற்ற இதயத் துடிப்பு மருந்துகள் மூன்று வேலைகளுக்காகத் தரப்படுகின்றன: ஓடும் துடிப்பின் வேகத்தை அடக்குவது, தவறிய தாளத்தை மீட்பது, தாளம் தவறியதால் இதயத்துக்குள் ரத்தம் கட்டிப்போகாமல் காப்பது. துடிப்புக் கோளாறுகள் பல உண்டு. ஆளை ஆயுளுக்கும் மாத்திரைக்காரராக்குவதில் முன்னால் நிற்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. இக்கட்டுரை அதைப் பற்றியது. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி போன்ற ஊரில் அம்மருந்துகளோடு காலந்தள்ளுவதைப் பற்றியதும்கூட.

நோயாளிகள் சொல்வது பெரும்பாலும் "நெஞ்சு படபடங்குது, மேல்மூச்சு வாங்குது" என்பதுதான். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஈ.சி.ஜி.யில் தற்செயலாகப் பிடிபடும். முதுமை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு மிகை, மது ஆகியவை எல்லா நாட்டுக்கும் பொதுவான காரணங்கள். இந்தியாவில் இன்னொன்று இன்னும் ஒழியவில்லை. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டு வீங்கி வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் மைட்ரல் வால்வை மெல்லச் சுருக்கிவிடுகிறது. இவ்வகை நோயாளிகளுக்கு முப்பது, நாற்பது வயதிலேயே தாளம் தவறுவதுண்டு. அவர்களில் பெண்களே அதிகம்.

ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை

படபடப்பை அடக்கும் மாத்திரையைத்தான் நோயாளி பெரிதாக நினைக்கிறார். போட்டவுடன் குணம் தெரிகிறது அல்லவா. உயிரைக் காப்பதில் முதல் இடம் பெரும்பாலும் மற்றொன்றுக்கு. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தத் துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வு நோய் இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு என்றும், ருமாட்டிக் வால்வு நோயோடு சேர்ந்தால் சுமார் 17 மடங்கு என்றும் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு காட்டியது.

இதற்குரிய பழைய மருந்துகள் வார்ஃபரினும் அசினோகூமராலும். கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததை ஆராயப் போய் விஸ்கான்சினில் கிடைத்தது வார்ஃபரின். முதலில் எலி மருந்தாக விற்றது. 1954-ல் மனிதருக்கும் அனுமதி வந்தது. தமிழ்நாட்டு மருந்துச் சீட்டுகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது அசினோகூமரால். 'அசிட்ரோம்' என்றால் மருந்துக்கடைப் பையனுக்கும் தெரியும். வார்ஃபரினைவிட இது உடலை விட்டுச் சீக்கிரம் நீங்குவதால், ஒரு வேளை விட்டாலும் விரைவில் காட்டிக்கொடுத்துவிடும்.

இம்மருந்துக்கு எல்லாருக்கும் பொதுவான அளவென்று ஒன்று கிடையாது. ஒருவருக்கு 1 மில்லிகிராம் போதும், இன்னொருவருக்கு 4 வேண்டும். ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனைதான் வழிகாட்டி, "பி.டி. டெஸ்ட்" என்றே பலரும் சொல்கிறார்கள். எண் வழக்கமாக 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். செயற்கை மைட்ரல் வால்வு பொருத்தியவர்களுக்குச் சற்றுக் கூடுதல். இறங்கினால் கட்டி, ஏறினால் கசிவு. தொடக்கத்தில் அடிக்கடியும், நிலைப்பட்ட பின் மாதம் ஒரு முறை போலவும் பார்க்கிறார்கள்.

கீரை கூடாது என்று வீட்டில் யாரோ சொல்லி, முருங்கைக்கீரையைத் தொடாமலே இருப்பவர்கள் உண்டு. அப்படித் தள்ள வேண்டியதில்லை. கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தை எதிர்க்கும் என்பது மெய்; ஆனால் கெடுதல் செய்வது கீரையல்ல, ஒரு வாரம் தினமும், மறுவாரம் அறவே இல்லை என்ற தாறுமாறு. கீரையைவிடக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையே பெரிய எதிரி. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், பூஞ்சைக்கு ஃப்ளுகோனசோல் எல்லாமே கசிவு அபாயத்தைக் கூட்டுபவை. காய்ச்சலென்றால் "ஒரு ஊசி போடுங்க" என்று கேட்கும் பழக்கமும் இங்கே ஆபத்து: இடுப்பில் போடும் ஊசி தசைக்குள் ரத்தம் கட்டச் செய்யும். ருமாட்டிக் நோய்க்கு 3 வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி போடுபவர் அசிட்ரோமும் சாப்பிட நேர்ந்தால், பென்சிலினை மாத்திரையாக மாற்றலாமா என்று மருத்துவரே முடிவு செய்கிறார்.

ரிவரொக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரன் ஆகிய புதிய மாத்திரைகளுக்கு மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்கும் தொல்லை இல்லை. பலருக்கு இவையே முதல் தேர்வு. ஆனால் "காசு கூடினாலும் புது மாத்திரை எழுதுங்க" என்று எல்லாரும் கேட்க முடியாது. ருமாட்டிக் இதய நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்த 4,500-க்கும் மேற்பட்டோரிடம், இந்தியா உட்பட 24 நாடுகளில் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-ல் வெளியானது. அதில் ரிவரொக்சபானைவிடப் பழைய வகை மருந்தை உட்கொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. வால்வு நன்கு சுருங்கியவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கும் இன்றும் பழைய மருந்துதான்.

வேகமும் தாளமும்

வேகத்தை அடக்க மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள், டில்டியாசெம், டிகாக்சின். பீட்டா தடுப்பானைத் திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிகாக்சினை நம்மூரில் வாரம் 5 நாள் எழுதி, "சனி, ஞாயிறு வேண்டாம்" என்பது பழைய வழக்கம். முதியவருக்குச் சிறுநீரகம் தளர்ந்தால் இது உடலில் சேர்ந்துகொள்ளும்: குமட்டல், பசியின்மை, பார்வையில் மஞ்சள் நிறம். பேதியில் பொட்டாசியம் இறங்கினாலும் இதே கதி.

தாளத்தை மீட்கும் மருந்துகளின் கதை சிங்கோனாப் பட்டையில் தொடங்குகிறது. டச்சு வணிகர் ஒருவர் குயினைன் தின்று தம் சீரற்ற துடிப்பைத் தாமே நிறுத்திக் காட்டியதை வென்கபாக் என்ற மருத்துவர் 1914-ல் எழுதினார். 1918-ல் வால்டர் ஃப்ரை, குயினைனைவிட அதே பட்டையின் குயினிடினே இதற்கு ஏற்றது என்று கண்டார். 1860-களிலிருந்து நீலகிரியில் தொட்டபெட்டா, நடுவட்டம் பகுதிகளில் பயிரானது அந்தச் சிங்கோனாதான், மலேரியாவுக்காக நட்டது. குயினிடின் இன்று வழக்கொழிந்தது போலத்தான்.

அமியோடரோன் வலுவானது, வில்லங்கமும் கூடியது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின். தைராய்டைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. நுரையீரலையும் கல்லீரலையும் பாதிக்கலாம். நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உடலில் தங்கும். அசிட்ரோமோடு சேர்த்தால் ஐ.என்.ஆர். ஏறும் என்பதால் அசிட்ரோமின் அளவைக் குறைக்க வேண்டிவரும். வெயிலில் தோல் எளிதில் கருகும். தோட்ட வேலைக்காரருக்கு முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் மருந்துச் சீட்டின் ஒரு பகுதியே.

புளியங்குடியில்

புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன ஊர். எலுமிச்சை மரத்தின் முள் கூரியது; அசிட்ரோம் சாப்பிடுபவரின் கையில் குத்தினால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கசியும். துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காமலிருப்பது, மலம் கறுத்துப்போவது, தலையில் அடிபடுவது ஆகிய மூன்றில் எது நேர்ந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. அமியோடரோன் போன்ற மருந்துகளோடு கூடாதென மருத்துவர்கள் சொல்வது கிரேப்ஃப்ரூட்டை; சோற்றில் பிழிந்துகொள்ளும் எலுமிச்சையை அல்ல. ஊறுகாயில் தடை வந்தால் அது உப்புக்காக.

பரிசோதனைக்கும் இதய மருத்துவருக்கும் தென்காசி அல்லது திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் அதிகம். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி 1965-ல் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்தக்கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ரத்தக்கொதிப்பை அடக்குவது தாளக் கோளாற்றுக்கும் நல்லதே; ஆனால் ஐ.என்.ஆர். பார்த்து அளவை மாற்றும் வேலைக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும். ரமலான் நோன்பிருப்பவர்கள் அசிட்ரோமை நோன்பு திறந்த பின் ஒரே நேரத்தில் எடுக்கலாம். இரு வேளை மாத்திரைகளை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றுவதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

பல் பிடுங்கப் போகும்போது அசிட்ரோமைத் தாமாகவே நிறுத்திவிடுவது பரவலான தவறு. ஐ.என்.ஆர். வரம்புக்குள் இருந்தால், பெரும்பாலான பல் பிடுங்கல்களுக்கு மருந்தை நிறுத்தாமலே கசிவைக் கட்டுப்படுத்த முடியும். கேதீட்டர் வழி அப்லேஷன், அதாவது மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தித் தாளத்தைக் கெடுக்கும் இடத்தைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை, செய்து தாளம் மீண்டவரும் உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தாமாக விடக் கூடாது. வயது, நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைக் கணக்கிட்டே அது முடிவாகிறது.