கொல்கத்தா காற்பந்து: வீரர் மாற்றமும் ரசிகர் பற்றும்

கொல்கத்தாவின் காற்பந்துக் கழகங்களில் வீரர்கள் ஆண்டுதோறும் இடம் மாறினர். ரசிகர்களோ தலைமுறை கடந்தும் கழகம் மாறாமல் இருந்தனர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரிய கழகங்களின் வரலாறு முழுவதும் இவ்விரண்டும் சேர்ந்தே வந்துள்ளன. எதிரணிக்குச் சென்ற வீரர்களைப் பொறுத்துக்கொண்ட ரசிகர்கள், 2020-இல் கழகத்தின் பெயரில் மூன்று எழுத்துகள் சேர்க்கப்பட்டதைப் பொறுக்கவில்லை. அவர்களின் பற்று எதன்மீது இருந்தது என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

பின்னணி

வங்காளக் காற்பந்தை நிர்வகிக்கும் இந்தியக் காற்பந்துச் சங்கம் (ஐ.எஃப்.ஏ.) 1893-இல் தோன்றியது. கல்கத்தா காற்பந்து லீக் 1898-இல் தொடங்கியது. 1889-இல் நிறுவப்பட்ட மோகன் பகான், 1911-இல் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஆங்கிலேயர் அணியை இந்தியர் வென்ற அந்த ஆட்டத்திற்குப் பிறகு, அக்கழகத்தின் மீதான பற்று நாட்டுப்பற்றுடன் கலந்தது.

ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் பிறப்பே ஒரு வீரரைச் சேர்க்காமல் விட்டதில் தொடங்குகிறது. 1920-இல் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் அணி, சைலேஷ் போஸ் என்ற வீரரைக் களமிறக்கவில்லை. அவர் கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்தவர் என்பதே காரணம் எனக் கருதிய அக்கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி, பதவி விலகிப் புதிய கழகத்தை உருவாக்கினார். 1947-இல் நாடு பிரிக்கப்பட்டபின் கிழக்கிலிருந்து வந்த அகதிகள், இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய இக்கழகத்தைத் தமதாகக் கொண்டனர். மேற்கு வங்கத்தின் பூர்வகுடிகளான 'கொட்டி'களுக்கு மோகன் பகான், கிழக்கிலிருந்து வந்த 'பாங்கால்'களுக்கு ஈஸ்ட் பெங்கால் என்ற பிரிவு உறுதிப்பட்டது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று இந்தப் பிரிவு சமையலறை வரை சென்றது.

வெளியூர் வீரர்கள்

ரசிகர்களின் பற்று ஊரையும் பிறப்பையும் சார்ந்திருந்தாலும், வீரர்களிடம் அது எதிர்பார்க்கப்படவில்லை. மோகன் பகானின் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர் கோஷ்ட பால், கிழக்கு வங்காளத்தின் ஃபரித்பூரில் பிறந்தவர். தம் ஆட்ட வாழ்க்கை முழுவதும் மோகன் பகானைவிட்டு விலகாத சுனி கோஸ்வாமியும் கிழக்கு வங்காளத்தில் பிறந்தவரே. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம் வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங், வங்காளத்துக்கு வெளியிலிருந்தும் வீரர்களைக் கொண்டுவந்தது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்கால் முன்னணி வரிசையில் ஆடிய ஐவர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய இவர்கள் 'பஞ்ச பாண்டவர்' என அழைக்கப்பட்டனர். ஐவரும் தென்னிந்தியாவிலிருந்து சென்றவர்கள். இவர்கள் காலத்தில் ஈஸ்ட் பெங்கால் 1949, 1950, 1951 எனத் தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. வீடிழந்து வந்த கிழக்கு வங்காள அகதிகளின் பெருமையைக் களத்தில் காத்தவர்கள், வங்காளத்தில் பிறவாத இந்த ஐவர்.

வீரர் மாற்றக் காலம்

வீரர்கள் பருவந்தோறும் ஐ.எஃப்.ஏ.-வில் தங்கள் பெயரைக் கழகத்தின் சார்பில் பதிவு செய்யவேண்டியிருந்தது. ஒரு பருவம் முடிந்ததும் வேறு கழகத்துக்குக் கையெழுத்திட முடிந்தது. பெயரளவில் இவர்கள் தொழில்முறை வீரர்களாக இருக்கவில்லை. பலர் வங்கி, ரயில்வே போன்ற நிறுவனங்களில் வேலை பார்த்தனர். நீண்டகால ஒப்பந்தம் என்ற பாதுகாப்பு கழகத்துக்கும் இருக்கவில்லை, வீரருக்கும் இருக்கவில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அணியை ஏறக்குறையப் புதிதாகத் திரட்டவேண்டியிருந்தது.

இந்த மாற்றக் காலம் ஆட்டத்துக்கு இணையான பரபரப்பை உண்டாக்கியது. போட்டிக் கழகத்தினர் அணுகாதபடி, பேசி முடித்த வீரரைக் கையெழுத்திடும் நாள்வரை நிர்வாகிகள் மறைவான இடங்களில் தங்கவைப்பது வழக்கமாக இருந்தது. இதில் ஈஸ்ட் பெங்காலின் ஜீவன் சக்ரவர்த்தி, பல்டு தாஸ் இணை பெயர்பெற்றது. யார் எந்தப் பக்கம் செல்கிறார் என்பது நாளிதழ்களில் தலைப்புச் செய்தியானது.

எதிரணிக்குச் சென்றவர்கள்

1970 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஆறு முறை லீக் பட்டம் வென்றது. 1975 செப்டம்பர் 30 அன்று நடந்த ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5-0 என வீழ்த்தியது. அதில் இரண்டு கோல்களை அடித்தவர் ஷ்யாம் தாபா. அவரே பின்னர் மோகன் பகானுக்கு மாறி, 1978 லீக் ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக பைசிக்கிள் கிக் முறையில் கோல் அடித்தார். மோகன் பகான் ரசிகர்கள் இன்றும் நினைவுகூரும் கோல்களுள் அது ஒன்று. 1975 அணியின் பயிற்சியாளரான பி. கே. பானர்ஜியும் அடுத்த ஆண்டே மோகன் பகானுக்குச் சென்றார்.

1985-இல் கிருஷானு டே, விகாஷ் பாஞ்சி ஆகிய இருவரும் சேர்ந்தே மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினர். நைஜீரியரான சீமா ஒகோரி மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். இத்தகைய மாற்றங்கள் கோபத்தை மூட்டின. மாறியவர் பழைய ரசிகர்களின் ஏச்சைக் கேட்டார். ஆனால் அந்தக் கோபம் ரசிகரைக் கழகத்திலிருந்து பிரிக்கவில்லை. சென்றவர் திரும்பி வந்தபோது வரவேற்பும் கிடைத்தது.

1980

வீரர் மாற்றத்தின் உச்சத்தையும் ரசிகர் பற்றின் விலையையும் ஒரே ஆண்டில் காட்டியது 1980. அந்தப் பருவத்துக்கு முன் ஈஸ்ட் பெங்காலின் முதன்மை வீரர்கள் பலர் விலகினர். அவர்களில் பெரும்பகுதியினர் முகமதன் ஸ்போர்ட்டிங்கில் சேர்ந்தனர். வெறுமையான அணிக்கு, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்துவந்த ஈரானியர்களான மஜீத் பிஷ்கரும் ஜம்ஷித் நசிரியும் வந்தனர். மஜீத், 1978 உலகக்கோப்பைக்கான ஈரான் அணியில் இடம்பெற்றவர். ஈஸ்ட் பெங்கால் அவ்வாண்டு ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானுடன் பகிர்ந்துகொண்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளும் ஆடிய லீக் ஆட்டத்தின்போது களத்தில் எழுந்த மோதல் பார்வையாளர் பகுதிக்குப் பரவியது. அந்தக் கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். ஆகஸ்ட் 16 அவர்களின் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மஜீத் ஈஸ்ட் பெங்காலில் ஆடியது இரண்டு பருவங்களே. பிறகு அவரும் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு மாறினார். எனினும் 2019-இல் கழகத்தின் நூற்றாண்டு விழாவுக்காக அவர் கொல்கத்தா வந்தபோது, விமான நிலையத்தில் ரசிகர்கள் பெருந்திரளாகக் கூடி வரவேற்றனர்.

தேசிய லீக்குகள்

1996-இல் தேசியக் காற்பந்து லீக் தொடங்கியதும் போட்டி நகர எல்லையைத் தாண்டியது. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை 1,31,781 பேர் பார்த்தனர். பாய்ச்சுங் பூட்டியாவின் மூன்று கோல்களுடன் ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. பூட்டியாவும் பிற்காலத்தில் இரு கழகங்களுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறினார்.

தேசிய லீக்குக்குப் பதிலாக 2007-இல் ஐ-லீக் வந்தது. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், நகரப் பெயர்களில் புதிய அணிகளை உருவாக்கியது. அதன் முதல் ஆண்டுகளில் பருவம் சில மாதங்களே நீடித்தது. ஐ-லீக் கழகங்களின் வீரர்கள் பலர் அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் புதிய அணிகளுக்குக் கடனாக அனுப்பப்பட்டனர். ஒரே வீரர் ஓராண்டுக்குள் இரண்டு சட்டைகளை அணியும் நிலை ஏற்பட்டது.

பெயருக்கான போராட்டம்

1998-இல் யுனைடெட் புரூவரிஸ் குழுமம் இரு கழகங்களிலும் முதலீடு செய்தபோது 'கிங்ஃபிஷர்', 'மக்டவல்' என்ற வணிகப் பெயர்கள் கழகப் பெயர்களுக்கு முன்னால் சேர்ந்தன. அவை விளம்பரதாரரின் பெயர்கள். 2020-இல் நடந்தது வேறு. சூப்பர் லீக்கில் ஆடிவந்த ஏ.டி.கே. அணியின் உரிமையாளர்கள் மோகன் பகானின் காற்பந்துப் பிரிவில் 80 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றனர், அணி 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆனது. பச்சை–அரக்கு நிறம் மாறவில்லை, அணியில் திறமையான வீரர்களும் இருந்தனர். ஆயினும் ஆறே ஆண்டு வயதுடைய ஓர் அணியின் பெயர் 1889-இன் பெயருக்கு முன்னால் நிற்பதை ரசிகர்கள் ஏற்கவில்லை. மூன்று எழுத்துகளையும் நீக்கக் கோரிப் போராடினர்.

2023 மார்ச்சில் அணி சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் பெங்களூரு எஃப்.சி.-யை வென்ற அன்றே, பெயர் மாற்றப்படும் என்று உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். அடுத்த பருவத்தில் அணி 'மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்' என்ற பெயரில் ஆடியது.

ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் சோதனை வேறு வகையானது. 2020-இல் சூப்பர் லீக்கில் நுழைந்த அணி, முதலீட்டாளர் மாற்றத்தாலும் ஆண்டுதோறும் கலைந்து சேர்ந்த வீரர்களாலும் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே கிடந்தது. 2012-க்குப் பிறகு அதற்குத் தேசிய அளவில் கிடைத்த முதல் கோப்பை, 2024 ஜனவரியில் வென்ற சூப்பர் கோப்பை.  அரங்கில் சிவப்பு–மஞ்சள் கொடி பிடித்த ரசிகர்கள் இருந்தனர்.