ஆபத்துக்கு வைத்த நெல்

கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே சபாக் பெர்ணம் நோக்கிச் செல்வோர், தோட்டங்களைக் கடந்ததும் தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்களைக் காண்பர். நாட்டின் நெற்களஞ்சியங்களுள் ஒன்று இப்பகுதி. ஆயினும் சப்பானியர் ஆட்சியில், அண்மையிலிருந்த தோட்டங்களின் தமிழ் மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டே உயிர் தாங்கினர். இது நிகழ்ந்த காரணம் ஆராயத்தக்கது.

இடர்க்கு முன்னரே உணவு சேர்த்து வைக்கும் முறை மிகப் பழையது. பண்டகசாலைப் பொருளிற் பாதியை நாட்டு மக்களின் ஆபத்துக்கென ஒதுக்குக, மறுபாதியைப் பயன்படுத்துக, பழையதை எடுத்துப் புதியதை நிரப்புக என்று அருத்த சாத்திரம் விதிக்கின்றது. கோரக்பூர் மாவட்டத்துச் சோகௌராவிற் கிடைத்த பழஞ்செப்பேடு, இடர்க்காலத்துக்கென அமைந்த இரு களஞ்சியங்களைக் குறிக்கின்றது.

இத்தகைய சேமிப்பு இல்லாத ஊர் என்ன ஆகும் என்பதைத் தஞ்சைப் பகுதியின் ஆலங்குடிக் கல்வெட்டு உரைக்கும். 1054ஆம் ஆண்டையொட்டிப் பஞ்சம் நேர்ந்தபோது, உண்ணவும் விதைக்கவும் நெல் வாங்க ஊராரிடம் பொருள் இல்லை. கோயிற் பண்டாரத்தின் பொன்னையும் வெள்ளியையும் சபையார் கடனாகப் பெற்றனர். அதற்கு ஈடாக 8¾ வேலி நிலத்தைக் கோயிலுக்கு விட்டனர். பசி தீர்ந்தது, ஆனால் நிலம் போயிற்று.

மலாயாவின் நிலை இதனினும் இடர் மிக்கது. உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. 1918இல் இந்தியாவிற் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு இந்தியாவும் சயாமும் அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவே, மலாயாவில் அரிசிக்குப் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. இதுவே முதல் எச்சரிக்கை. 1932இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா தோன்றியது. பெர்ணம் ஆற்று நீரைக் கொண்டு தஞ்சோங் காராங் சதுப்பை வயலாக்கும் பணியும் அப்பத்தாண்டிலேயே தொடங்கியது. ஆனால் அது முழுமை பெறுமுன் 1941 டிசம்பரிற் போர் மூண்டது, கப்பல்கள் நின்றன. லயத்து வீடுகளில் அடுத்த மாதத்துக்கான அரிசி இல்லை. அந்நாளிற் பலரைக் காத்தது வீட்டுப்புறத்தே தாமே நட்ட கிழங்கும் கீரையுமே.

2021 டிசம்பர் வெள்ளமும் இதே பாடத்தை மீண்டும் புகட்டியது. ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் உணவின்றிக் காத்திருந்தனர். சாலைகள் நீரில் மூழ்கிய பின்னர்த் தொலைவிலிருக்கும் மூட்டைகளால் உடனடிப் பயனில்லை. அருகிருந்த தன்னார்வலர் படகுகளிற் கொணர்ந்த சோற்றுப் பொட்டலங்களே பலருக்கு முதலில் எட்டின.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும், கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ, வெள்ளம் எட்டாத மேட்டில், மழைக்காலத்துக்கு முன்னரே அரிசியும் குடிநீரும் மருந்தும் இருத்தல் வேண்டும். அவ்வரிசி அருகிலுள்ள வயலினதாக இருத்தல் நன்று. ஆண்டுதோறும் பழையதைச் சமைத்துண்டு புதியதை நிரப்புக. திறவுகோல் எவரிடம் உள்ளது என்பதை ஊரார் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.