ஹைபிரிட் கார்: ஒரு ஃபுல் டேங்க்குக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

சென்னையிலிருந்து திருத்தணி முருகனைப் பார்த்துட்டு, அப்படியே திருப்பதிக்கும் ஒரு எட்டு போய் வரலாம்னு பிளானா? ஆந்திராவில் பெட்ரோல் விலை நம்ம ஊரைவிட அதிகம். வழியில் பங்க் பக்கமே ஒதுங்காமல் வீடு திரும்ப முடியுமா?

2022-ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்டையே எடுத்துக்குவோம். அராய் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ, டேங்க் 45 லிட்டர். பெருக்கினால் 1,258 கி.மீ! ஆனால், இது ஆய்வகக் கணக்கு.

சிட்டி டிராஃபிக்கில் மோட்டாரே அடிக்கடி காரை நகர்த்திவிடும். பிரேக் பிடிக்கும்போதும், திருத்தணி மலையிலிருந்து இறங்கும்போதும் பேட்டரி சார்ஜ் ஆகும். ஹைவேயில் வேகமாகப் போனால் பெரும்பாலும் இன்ஜின்தான் உழைக்கும், மைலேஜ் குறையும்.

உங்க கார் கணக்கை நீங்களே போடலாம். ஆட்டோ கட் ஆகும்வரை பெட்ரோல் நிரப்பி, டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. திருத்தணி போய்த் திரும்பி, அதே பங்க்கில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்க. உதாரணமா, 170 கி.மீ-க்கு 8 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 21.25. இதை 45-ஆல் பெருக்காதீங்க. 5 லிட்டரை கையிருப்பா விட்டுட்டு 40-ஆல் பெருக்குங்க. 850 கி.மீ! திருப்பதி வரை போக வர சுமார் 300 கி.மீ-தான், தாராளமா போதும்.

டேங்க் காலியாகும்வரை ஓட்டிப் பார்க்கும் விஷப்பரீட்சை மட்டும் வேண்டாம். ஹைபிரிட் பேட்டரி சின்னது. ரொம்ப தூரம் இழுக்காது. டேங்க்குக்குள் இருக்கும் ஃப்யூயல் பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். மிச்சம் பிடிக்கப் போய், மெக்கானிக்குக் கொடுக்காதீங்க!