பேதுரு விலகிய பந்தி

சிலுவைக்குப் பின் – 6

நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் இன்று தள்ளிப்போய் உட்கார்ந்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. பந்தியில் இருக்கிற அத்தனை பேருக்கும் சுருக்கென்று தைத்துவிடும். கி.பி. 49 வாக்கில் அந்தியோகியாவில் அப்படி ஒரு விலகல் நடந்தது. விலகியவர் இயேசுவின் சீடர்களில் முதல்வரான பேதுரு. எல்லார் முன்னிலையிலும் அவரைத் தட்டிக் கேட்டவர் பவுல். இயேசு ஊர் ஊராக நடந்த நாட்களில் அவரோடு இருந்தவர் அல்லர். ஒரு காலத்தில் இந்தக் கூட்டத்தையே துரத்தித் துரத்திப் பிடித்தவர்.

ஸ்தேவான் கல்லெறியுண்டு இறந்தபின், கிரேக்கம் பேசும் யூத விசுவாசிகள் எருசலேமைவிட்டுச் சிதறியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களில் சிலர் வடக்கே போய்ச் சேர்ந்த ஊர்தான் அந்தியோகியா. அலெக்சாந்தரின் படைத்தலைவர்களில் ஒருவரான செலூக்கஸ், கி.மு. 300இல் ஒரோன்டஸ் ஆற்றங்கரையில் எழுப்பிய நகரம். ரோமப் பேரரசில் ரோம், அலெக்சாந்திரியா இரண்டுக்கும் அடுத்த பெருநகரம். இன்று துருக்கியில் அந்தாக்யா என்ற பெயரில் இருக்கிறது. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் சின்னாபின்னமானது இந்த ஊர்தான்.

'கிறிஸ்தவர்' என்ற பெயர் பிறந்ததும் இங்கேதான். ஏரோதின் ஆட்களை ஏரோதியர் என்பதுபோல, கிறிஸ்துவின் ஆட்கள் என்று ஊரார் சூட்டிய பெயர். ஏதோ ஒரு கட்சிக்காரர்களைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். சபையை நடத்தியவர்களே ஒரு கதம்பம்: சைப்ரஸ் தீவின் லேவியரான பர்னபா, 'கறுப்பர்' என்று அழைக்கப்பட்ட சிமியோன், வட ஆப்பிரிக்காவின் சிரேனே ஊர் லூகியு, ஏரோது அந்திப்பாவோடு வளர்ந்த மனாயீன், தர்சு நகரத்துப் பவுல்.

சாப்பாட்டில் என்ன சிக்கல்?

அப்போது தேவாலயக் கட்டடம் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள். இயேசுவின் நினைவாக அப்பம் பிட்டதும், கிண்ணம் பகிர்ந்ததும் அந்த முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தவைதான். ஆகவே பந்தி இரண்டானால் சபையே இரண்டானதாகத்தான் அர்த்தம்.

யூதருக்கோ உணவில் ஆயிரம் கட்டுப்பாடு. பன்றி ஆகாது, இரத்தம் ஆகாது. கிரேக்க நகரச் சந்தையில் விற்கும் இறைச்சியில் கோயிலில் பலியிட்ட இறைச்சியும் கலந்திருக்கும். குடிக்குமுன் தெய்வத்துக்கென்று கொஞ்சம் மதுவை ஊற்றுவது கிரேக்கர் வழக்கம். இப்படிப்பட்ட வீட்டில் யூதர் கை நனைக்கலாமா? அந்தியோகியாவின் யூத விசுவாசிகள் நனைத்தார்கள். அங்கே வந்த பேதுருவும் தயங்காமல் கலந்துகொண்டார்.

கை கொடுத்தார்கள், ஆனால்…

இதற்குச் சற்று முன்னால்தான் எருசலேமில் ஒரு பேச்சுவார்த்தை முடிந்திருந்தது. யூதரல்லாதவர் இயேசுவை ஏற்றால், ஆபிரகாம் காலத்திலிருந்து உடன்படிக்கையின் அடையாளமாக இருக்கும் விருத்தசேதனத்தையும் ஏற்கவேண்டுமா என்பது கேள்வி. பவுல் கையோடு தீத்துவை அழைத்துப் போனார். தீத்து கிரேக்கர், விருத்தசேதனம் செய்யாதவர். வாதத்துக்குப் பதில் ஆளையே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்! சபையின் தூண்கள் எனப்பட்ட யாக்கோபு, பேதுரு, யோவான் மூவரும் தீத்துவைக் கட்டாயப்படுத்தவில்லை. பவுலுக்கும் பர்னபாவுக்கும் வலக்கை கொடுத்தார்கள். யூதரிடம் பேதுரு, மற்றவரிடம் பவுல் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். எருசலேமின் ஏழைகளை மறந்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

வாசலைத் திறந்தாகிவிட்டது. உள்ளே வந்தவர் பக்கத்தில் யார் உட்காருவது? பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லும் அந்த உடன்பாட்டில் இதற்குப் பதில் இல்லை.

யாக்கோபிடமிருந்து சிலர் அந்தியோகியா வந்து சேர்ந்தார்கள். பேதுரு மெல்ல மெல்லப் பந்தியிலிருந்து ஒதுங்கினார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் ஒதுங்கினார்கள். கடைசியில், பவுலை இந்தச் சபைக்கே கைப்பிடித்து அழைத்து வந்த பர்னபாவும் போய்விட்டார். பவுலின் எழுத்தில் அதிகம் வலி தெரிவது இந்தப் பெயரைச் சொல்லும் இடத்தில்தான். யூதரான நீரே யூதர் அல்லாதவர்போல வாழ்ந்துவிட்டு, இப்போது அவர்களை யூதராக மாறச் சொல்வது என்ன நியாயம் என்று பவுல் பேதுருவை முகத்துக்கு நேராகக் கேட்டார். சட்டத்தைக் கடைப்பிடித்துத்தான் ஒருவர் கடவுளுக்கு ஏற்றவர் ஆவார் என்றால், கிறிஸ்து செத்ததே வீண் என்பது அவர் வாதம். பின்னாளில் பெரிய இறையியலாக வளர்ந்த 'விசுவாசத்தால் நீதிமான்' என்ற கருத்தை, நமக்குக் கிடைத்த கடிதங்களில் பவுல் விரித்துப் பேசத் தொடங்குவது இந்தச் சாப்பாட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டே வரும்போதுதான்.

யாக்கோபின் பக்கம்

இதில் யாக்கோபை வில்லனாக்குவது சுலபம். இவர் இயேசுவின் சகோதரர். ஓயாமல் மண்டியிட்டு ஜெபித்ததில் முழங்கால் ஒட்டகத்துக்குப்போலக் காய்த்திருந்தது என்று 2ஆம் நூற்றாண்டின் ஹெகெசிப்பஸ் எழுதுகிறார். யாக்கோபு இருந்த எருசலேம் கொதித்துக்கொண்டிருந்தது. கி.பி. 44க்குள் செபதேயுவின் மகனான இன்னொரு யாக்கோபை ஏரோது அகிரிப்பா வாளுக்கு இரையாக்கிவிட்டார். 46–48இல் ஆளுநர் திபேரியு அலெக்சாந்தர், ரோமை எதிர்த்த கலிலேய யூதாவின் மகன்கள் இருவரைச் சிலுவையில் அறைந்தார். தன் சமயத்தை விட்டுக்கொடுப்பவன் துரோகி என்று பேசும் ஊரில், உங்கள் ஆட்கள் அங்கே புறஜாதியாரோடு சாப்பிடுகிறார்களாமே என்ற செய்தி போனால் சபையின் கதி என்ன? அந்தியோகியாவில் உட்கார்ந்து தைரியம் பேசலாம். எருசலேமில் அதற்கு விலை உயிர்.

லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள் இந்த மோதலைச் சொல்லவே இல்லை. யாக்கோபு தந்த சமரசத் தீர்ப்பைத்தான் சொல்கிறது: விருத்தசேதனம் வேண்டாம், விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்ற பிராணி, பாலியல் ஒழுக்கக்கேடு இந்த நான்கையும் விலக்கினால் போதும். பவுலின் கடிதத்தில் இந்த நான்கு விதிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

இரண்டு பெரியவர்கள் இப்படி மோதிக்கொண்டது பிற்காலத்தவரை நெளிய வைத்தது. அலெக்சாந்திரியாவின் கிளமென்ட், அது வேறொரு பேதுரு என்றே சொல்லிப் பார்த்தார். இருவரும் பேசிவைத்துக்கொண்டு நடத்திய நாடகம் என்றார் ஜெரோம். வேதத்தில் பொய் இருக்குமா என்று அகஸ்டின் அவரோடு கடிதத்தில் மல்லுக்கு நின்றார்.

பந்தியில் ஜெயித்தது யார்? பேதுரு என்ன பதில் சொன்னார் என்று பவுல் எழுதவில்லை. ஜெயித்திருந்தால் எழுதாமல் விடுகிற ஆள் இல்லை அவர். கலாத்தியருக்கு அந்தக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். முடிவில் எழுதுகோலைத் தானே வாங்கி, எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுகிறேன் பாருங்கள் என்று கிறுக்கிக் காட்டுகிற கோபக்காரர்.

ஆனாலும் எருசலேமின் ஏழைகளை மறப்பதில்லை என்று கொடுத்த வாக்கை அவர் விடவில்லை. கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா என்று யூதரல்லாதவர் சபைகளில் ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்தார். வாரத்தின் முதல் நாளில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துவைக்கச் சொன்னார். உடன் உட்கார்ந்து சாப்பிடத் தயங்கியவர்கள், யூதரல்லாதவரின் கைப்பணத்தையாவது வாங்குவார்களா? அந்தப் பயம் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படையாகவே தெரிகிறது.

57 வாக்கில் எருசலேம் போனார், யாக்கோபைச் சந்தித்தார். பேசியதையெல்லாம் சொல்லும் லூக்கா, பணத்தைப் பற்றி அந்த இடத்தில் மூச்சுவிடவில்லை. சில நாட்களில் ஆலய வளாகத்தில் பவுலைக் கூட்டம் சூழ்ந்து அடித்தது. கிரேக்கனை உள்ளே கூட்டி வந்துவிட்டான் என்பதுதான் குற்றச்சாட்டு.

யாக்கோபும் தப்பவில்லை. 62இல் தலைமைக் குரு அனனு அவரைச் சட்டத்தை மீறியவர் என்று சொல்லித்தான் கல்லெறிந்து கொல்லவைத்தார்.

(அடுத்த வாரம்: ஆலய முற்றத்திலிருந்து ரோம் வரை)